பரத்பூர்: மஞ்சள் வயலில் ஒரு வேலி

ராஜஸ்தானின் கடுகு நாட்டில் ஆராய்ச்சித் திடலையும் விவசாயியின் நிலத்தையும் ஒரு கம்பி வேலிதான் பிரிக்கிறது. ஆனால் விளைச்சலில் இருக்கும் தூரம் அதைவிடப் பெரியது.

ஜனவரியில் பரத்பூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பறவை பார்க்க வருகிறவர்கள். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ரிக்ஷாக்காரர்கள் அதிகம் விசாரிக்காமல் கேவலாதேவ் தேசியப் பூங்காவின் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். நகரின் மறுபுறம், ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேவர் என்ற ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்கும் பயணி அபூர்வம். அங்கே பார்ப்பதற்கு இருப்பது கடுகு.

காலை பத்து மணி வரை மூடுபனியில் எதிரே வரும் லாரியின் விளக்குகூடக் கண்ணுக்குத் தெரியாது. பனி விலகத் தொடங்கியதும் சாலையின் இரு பக்கமும் மஞ்சள் நிறம் மெல்லத் தெளிகிறது. ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிகள். நுனியில் பூ, அதற்குக் கீழே பிஞ்சுக் காய்கள். வரப்போரத்தில் வரிசையாகத் தேனீப் பெட்டிகள். கடுகு பூக்கும் பருவத்தில் பெட்டிகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு தேனீ வளர்ப்போர் இந்தப் பகுதிக்கு வந்துவிடுகிறார்கள். கடுகுத் தேன் சில வாரங்களிலேயே வெண்ணெய் போல உறைந்துவிடும். விஷயம் தெரியாதவர்கள் அதைச் சர்க்கரை கலந்த தேன் என்று சந்தேகிப்பார்கள்.

அஞ்சறைப் பெட்டியில் ஒரு குழியை நிரப்பி, தாளிக்கும்போது அரை நிமிடம் வெடித்து அடங்கிவிடும் சமாச்சாரமாகவே கடுகை அறிந்திருக்கும் தமிழருக்கு இந்த ஊர் கொஞ்சம் வியப்பாக இருக்கும். இங்கே கடுகு என்றால் சமையல் எண்ணெய். குளிர்காலத்தில் அதன் இளந்தளிர் கீரை. செக்கில் மிஞ்சும் பிண்ணாக்கு எருமைக்கு. அறுவடைக்குப் பின் மிஞ்சும் தட்டை செங்கல் சூளைக்கு. மகளின் திருமணச் செலவையும் டிராக்டர் தவணையையும் பல வீடுகளில் இந்தப் பயிரை நம்பித்தான் தள்ளிவைக்கிறார்கள்.

சென்னையிலிருந்து டெல்லி போகும் ரயில்களில் வருபவர்கள் ஆக்ராவில் இறங்கினால் பரத்பூர் சாலை வழியாக சுமார் 55 கிலோமீட்டர். வரலாற்றுப் பிரியர்களை இந்த ஊருக்கு இழுப்பது லோஹாகட் கோட்டை. பெயருக்கு இரும்புக் கோட்டை என்று பொருள். பெயர் வாங்கிக்கொடுத்ததோ மண் சுவர். 1805-ல் ஆங்கிலத் தளபதி லேக் பிரபு திரும்பத் திரும்பத் தாக்கியும் கோட்டை விழவில்லை. பீரங்கிக் குண்டுகளைத் தடித்த மண் சுவர்கள் விழுங்கிக்கொண்டன. 1826-ல்தான் ஆங்கிலேயர்களால் அதைப் பிடிக்க முடிந்தது. அதே மண்ணை வேறுவிதத்தில் வசப்படுத்தும் முயற்சி சேவரில் நடக்கிறது. இதுவும் அவ்வளவு சுலபமாக வழிக்கு வருவதில்லை.

நட்டு எண்ணும் திடல்

1993 அக்டோபரில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் சேவரில் கடுகுக்கென்று ஒரு தேசிய ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. 2009-ல் அது இயக்குநரகமாக உயர்ந்தது. நாட்டின் கடுகில் ஏறத்தாழப் பாதியை விளைவிக்கும் மாநிலம் ராஜஸ்தான் என்பதால் இடத் தேர்வில் ஆச்சரியம் இல்லை. ஹிஸ்ஸார், லூதியானா, பந்த்நகர், மொரேனா என்று பல மாநில மையங்களில் நடக்கும் கடுகுச் சோதனைகளை ஒருங்கிணைப்பதும் இந்த இடம்தான்.

சோதனைத் திடல் முதல் பார்வைக்கு ஏமாற்றம் தரும். சாலையோர வயல்களின் பரப்பு இங்கே இல்லை. சில மீட்டர் நீளமுள்ள சில வரிசைகள், ஒரு நடைபாதை, மறுபடி சில வரிசைகள். ஒவ்வொரு துண்டின் தலைமாட்டிலும் எண் எழுதிய அட்டை. ரகத்தின் பெயர் அதில் இருக்காது. எந்த நிலையம் உருவாக்கிய விதை என்பது தெரிந்தால் அளப்பவரின் கை தாராளமாகிவிடக்கூடும் என்பதால் விதைகள் குறியீட்டு எண்களோடுதான் வருகின்றன. ஒரே ரகம் மூன்று அல்லது நான்கு இடங்களில், குலுக்கிப் போட்டதுபோல, நடப்படுகிறது. திடலின் ஒரு மூலையில் மண் வளமாக இருந்து அங்கே விழுந்த ரகம் பெயர் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. ஓரத்து வரிசைகள் கணக்கில் சேர்வதில்லை. ஓரச் செடிக்கு வெயிலும் காற்றும் கூடுதலாகக் கிடைப்பதால் அது எப்போதும் கொழுத்துத் தெரியும்.

ஒரு புதிய ரகம் முதலில் தொடக்கநிலைச் சோதனையில் தேற வேண்டும். பிறகு மேல்நிலைச் சோதனைகள். ஒவ்வொரு கட்டத்திலும், ஏற்கெனவே விவசாயிகளிடம் இருக்கும் நல்ல ரகத்தைப் பக்கத்தில் நட்டு அதோடு ஒப்பிடுகிறார்கள். இந்த வழியில் வந்து பரத்பூர் தந்த ரகங்களில் பெயர் பெற்றது 'கிரிராஜ்'. கோவர்த்தன மலைக்கு இந்த வட்டாரம் பக்தியோடு வைத்த பெயர் அது. மண்டியில் விதை கேட்கும்போது அந்த பக்தி கொஞ்சம் உதவவும் செய்கிறது.

இந்தத் திடல்களில் ஹெக்டேருக்கு 20 குவிண்டாலைத் தாண்டுவது சாதாரணம். நாட்டின் சராசரியோ சமீப ஆண்டுகளில் 14, 15 குவிண்டாலைச் சுற்றியே நிற்கிறது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வெயில், ஒரே பனி. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

கிராமத்தில் இந்தக் கணக்கைக் குவிண்டாலில் பேசுவதில்லை. பிகாவுக்கு இத்தனை 'மன்' என்றுதான் பேச்சு. மன் என்பது 40 கிலோ. நான்கு பிகாவை ஒரு ஹெக்டேர் என்று கொண்டால் நாட்டுச் சராசரி பிகாவுக்கு ஒன்பது மன். 20 குவிண்டால் என்பது பன்னிரண்டரை மன். நடுவில் இருப்பது மூன்றரை மன். 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட குவிண்டாலுக்கு 6,200 ரூபாய் என்ற ஆதரவு விலையில், பிகாவுக்கு சுமார் 8,500 ரூபாய். ஐந்து பிகா வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது நாற்பதாயிரத்துக்கும் மேல். கடன் இல்லாத ஆண்டுக்கும் கடன் உள்ள ஆண்டுக்கும் இடையே அந்தத் தொகை நிற்கிறது.

பதினைந்து நாள் ஜன்னல்

விடையின் முதல் பகுதி தேதியில் இருக்கிறது. இங்கே கடுகு விதைக்க ஏற்ற காலம் அக்டோபரின் நடுப்பகுதி. முன்னால் விதைத்தால் அக்டோபர் வெயில் முளையைக் கருக்கும். புள்ளி போட்ட ஒரு சின்ன நாவாய்ப்பூச்சி எஞ்சியதை உறிஞ்சும். மாதம் முடிந்து விதைத்தால் பூ தாமதமாகும். ஜனவரிக் கடைசியில் பெருகும் அசுவினி சரியாகப் பூங்கொத்தில் வந்து உட்காரும். காயில் எண்ணெய் ஏற வேண்டிய நாட்களில் பிப்ரவரி வெப்பம் வந்து அவசரமாகப் பழுக்க வைத்துவிடும்.

தேதி தெரியாத விவசாயி இங்கே கிடையாது. ஆனால் தேதியை அவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. மழைக்காலப் பயிரான கம்பு நிலத்தை விட்டு வெளியேற வேண்டும். செப்டம்பர் கடைசி மழை மண்ணில் விட்டுப்போன ஈரம் காயாமல் இருக்க வேண்டும். டிராக்டர் கிடைக்க வேண்டும். உரம் கிடைக்க வேண்டும். அக்டோபரில் பரத்பூர் வட்டாரக் கூட்டுறவுச் சங்கங்களின் வாசலில் டிஏபி மூட்டைக்காக நிற்கும் நீண்ட வரிசை செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெறும் படம். அந்த வரிசையில் கழியும் ஒவ்வொரு நாளும் திடலுக்கும் வயலுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கூட்டுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மூட்டையில் கடுகுக்கு அதிகம் தேவைப்படும் ஒன்று இல்லை. கடுகின் காரமும் எண்ணெயும் கந்தகத்தைக் கேட்பவை. டிஏபியில் கந்தகம் கிடையாது. பழைய சிங்கிள் சூப்பர் பாஸ்பேட்டில் பதினோரு சதவிகிதம் இருக்கிறது. ஒரு மூட்டை டிஏபிக்குப் பதிலாக மூன்று மூட்டை சூப்பரும் ஒரு மூட்டை யூரியாவும் போட்டால் மணிச்சத்து குறையாது. பதினாறு கிலோ கந்தகம் இனாமாக நிலத்தில் சேரும். அல்லது ஹெக்டேருக்கு 250 கிலோ ஜிப்சம் போடலாம். நாட்டின் ஜிப்சத்தில் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் மாநிலமே ராஜஸ்தான்தான். இருந்தும் வரிசை டிஏபிக்குத்தான் நிற்கிறது. மூன்று மூட்டையைச் சுமப்பதைவிட ஒரு மூட்டையைச் சுமப்பது எளிது. தவிர, தானியம் எடுப்பாக விளைந்த ஆண்டுகளில் எல்லாம் நிலத்தில் இருந்தது டிஏபி என்பது விவசாயியின் நினைவு.

அடுத்தது செடிகளின் எண்ணிக்கை. ஹெக்டேருக்கு ஐந்து கிலோ விதை என்பது சிபாரிசு. ஆயிரம் விதை ஐந்து கிராம் என்று கொண்டால் சதுர மீட்டருக்கு நூறு விதை. ஆனால் வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்ற கணக்கில் அங்கே நிற்க வேண்டியது முப்பத்துமூன்று செடிதான். முளைத்த மூன்று வாரத்துக்குள் உபரிச் செடிகளைக் கலைத்துவிட வேண்டும். நன்றாக வளரும் செடியைப் பிடுங்க யாருக்கும் மனசு வராது. கூலியும் வேண்டும். எனவே பல வயல்களில் ஓரிடத்தில் கூட்டமும் ஓரிடத்தில் வெற்றிடமும். கூட்டத்தில் நிற்கும் செடி கிளைக்காமல் உயர்ந்து, காற்றடித்தால் சாய்கிறது. பிடுங்கிய நாற்றைக் கீரையாகச் சமைக்கும் வழக்கம் இருக்கும் வீடுகளில் இந்த வேலை ஓரளவு தானாகவே நடந்துவிடுகிறது.

தண்ணீரும் உப்பும்

பரத்பூரின் உண்மையான பிரச்சினை தண்ணீர். கேவலாதேவ் பூங்காவே அதற்குச் சாட்சி. 1985-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலத்துக்கு கம்பீர் ஆறு கொண்டுவந்த நீர், மேலே கரௌலி மாவட்டத்தில் உள்ள பாஞ்சனா அணையில் நின்றுவிட, சில ஆண்டுகளில் ஏரிகள் வறண்டு கிடந்தன. சைபீரியக் கொக்குகள் 2001-02 குளிர்காலத்துக்குப் பிறகு வரவேயில்லை. பறவைக்கு வராத தண்ணீர் பயிருக்கும் வருவதில்லை. நிலத்தடி நீர் பல கிராமங்களில் உப்பு. கோதுமைக்கு நான்கைந்து முறை பாய்ச்ச வேண்டிய இடத்தில் கடுகு ஒன்றிரண்டு பாய்ச்சலில் தப்பித்துக்கொள்கிறது. ஓரளவு உப்பையும் தாங்குகிறது. கர்னாலில் உள்ள உவர் மண் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே தனி ரகங்களைத் தந்திருக்கிறது.

முதல் பாய்ச்சல் பூ எடுப்பதற்குச் சற்று முன்னால்; இரண்டாவது, காய் பிடிக்கும்போது. ஆனால் கிணற்று நீரின் உப்பு ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒரே ஊரில் இரண்டு ஆழ்குழாய்க் கிணறுகள் இரண்டு விதமாக இருப்பதும் உண்டு. நல்ல நீருள்ள வயலில் இரண்டாம் பாய்ச்சல் காயைத் திரட்டும். உப்பு நீருள்ள வயலில் அதே பாய்ச்சல் அடுத்த பயிருக்கான மண்ணைக் கெடுக்கும். சேவர் திடலின் சிபாரிசு சேவர் மண்ணுக்கும் சேவர் நீருக்கும் சரி. பத்து கிலோமீட்டர் தள்ளி அது பாதி சரி.

வேலிக்கு வெளியே வேறு எதிரிகளும் உண்டு. அசுவினியை இங்கே 'மோயலா' என்கிறார்கள். மேகம் கவிந்த நாட்களில் அது பெருகும். பூந்தண்டின் நுனியில் பத்து செ.மீ. நீளத்தில் 26 பூச்சிகளுக்கு மேல் இருந்தால் மருந்து தெளிக்கலாம் என்பது விஞ்ஞானிகள் சொல்லும் வரம்பு. அதற்குக் குறைவாக இருந்தால் பொறிவண்டுகளே பார்த்துக்கொள்ளும். வரப்பில் தேனீப் பெட்டிகள் இருப்பதால் தெளிப்பதானால் சாயங்காலத்தில்தான். எண்ணிப் பார்த்துத் தெளிப்பவர்கள் குறைவு. பக்கத்து வயலில் மருந்து நாற்றம் வந்ததும் தெளிப்பவர்கள் அதிகம்.

இன்னொரு எதிரி மண்ணுக்கு உள்ளே இருக்கிறது. தமிழ்நாட்டுப் புகையிலை விவசாயிகள் 'புகையிலைக் காளான்' என்று திட்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி, வடக்கே 'மர்கோஜா' என்ற பெயரில் கடுகின் வேரைப் பிடிக்கிறது. இலை இல்லை, பச்சை இல்லை. செடியின் உணவை வேரிலேயே உறிஞ்சிக்கொண்டு வெளுத்த தண்டாக மேலே வரும்போது காரியம் முடிந்துவிட்டிருக்கும். தூசி போன்ற அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். கடுகுக்குப் பின் கடுகு என்று விதைத்துக்கொண்டே போகும் வயல்களில் அது நிலையாகக் குடியேறிவிடுகிறது. சுத்தமாக வைக்கப்படும் ஆராய்ச்சித் திடலுக்கு இந்தத் தொல்லை குறைவு.

கனடாவின் ஒரு வரிசை

கடுகின் ஒன்றுவிட்ட சகோதரனான கனோலா கனடாவில் பிறந்த கதை விவசாய விஞ்ஞானத்தின் பெருமைகளில் ஒன்று. ரேப் என்ற எண்ணெய்வித்தில் இருந்த எருசிக் அமிலத்தையும், பிண்ணாக்கில் இருந்த காரப் பொருளையும் பெருமளவு நீக்கிய முதல் ரகத்தை மனிடோபா பல்கலைக்கழகத்தின் பால்டர் ஸ்டெஃபான்சன் 1974-ல் வெளியிட்டார். சஸ்காட்டூனில் கீத் டௌனி செய்த வேலை அதற்கு இணையானது. ஒரு விதையைப் பாதியாகப் பிளந்து, ஒரு பாதியின் எண்ணெயைச் சோதித்து, பிடித்திருந்தால் மறுபாதியை நட்டு வளர்க்கும் முறையை அவரும் சகாக்களும் கையாண்டார்கள். 1978-ல் கனோலா என்ற பெயர் வந்தது.

அங்கே சஸ்காட்செவன் மாநிலத்தில் ஒரு பண்ணையின் சராசரி அளவே 1,700 ஏக்கருக்கு மேல். டிராக்டரைச் செயற்கைக்கோள் வழிநடத்துகிறது. மேட்டுக்கு ஒரு அளவு, பள்ளத்துக்கு ஒரு அளவு என்று உரம் தானாகவே மாறி விழுகிறது. அறுவடை எந்திரம் நகர நகர, எந்த இடத்தில் எவ்வளவு விளைந்தது என்று வரைபடம் போட்டுக்கொண்டே போகிறது. மண் வரைபடம், விதை அளவு, உரத் திட்டம் எல்லாவற்றையும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு செய்துதரும் நிறுவனங்கள் இருக்கின்றன. 'துல்லிய விவசாயம்' என்பது அங்கே ஒரு தொழில்.

இந்தியாவில் ஒரு நிலவுடைமையின் சராசரி, 2015-16 கணக்கெடுப்பின்படி, 1.08 ஹெக்டேர். 2015 பிப்ரவரியில் இதே ராஜஸ்தானின் சூரத்கட்டில் பிரதமர் தொடங்கிவைத்த மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி. மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று. அதாவது சராசரி விவசாயியின் கைக்கு வரும் அட்டையில் இருப்பது அண்டை வீட்டுக்காரரின் மண்ணாகவும் இருக்கலாம். 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'நமோ டிரோன் தீதி' திட்டம் 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் தருகிறது. பூத்து நெருங்கிய கடுகுக்குள் ஆள் நுழைந்தால் கிளை ஒடியும், பூ கொட்டும். மேலிருந்து தெளிப்பது அந்த வகையில் லாபம்தான். ஆனால் தெளிக்கவேண்டிய நாள் இன்றா என்பதை டிரோன் சொல்லாது. யாராவது வயலில் இறங்கிப் பூச்சியை எண்ண வேண்டும்.

சிறு விவசாயி கனடாவிடமிருந்து இரவல் வாங்கக்கூடியது எந்திரத்தைவிட ஒரு பழக்கம். உரம் போடும்போது அங்கே பலர் ஒரு பட்டையை வேண்டுமென்றே வெறுமனே விட்டுவிடுகிறார்கள். அறுவடையில் அந்தப் பட்டையையும் பக்கத்துப் பட்டையையும் ஒப்பிட்டால், கொடுத்த காசுக்கு மண் என்ன திருப்பித் தந்தது என்பது தெரிந்துவிடுகிறது. இதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை. பரத்பூரில் ஒரு பிகாவின் ஓரத்தை விட்டுத் தள்ளி, நடுவில் நான்கு வரிசைக்கு ஜிப்சம் போடாமல் விட்டு, கதிரடிக்கும்போது அந்த நான்கு வரிசையைத் தனிச் சாக்கில் கட்டி, பக்கத்து நான்கு வரிசையோடு தராசில் வைத்தால் போதும். அது அவருடைய மண்ணுக்கு அவரே நடத்திய சோதனை. சேவர் திடலில் விஞ்ஞானிகள் செய்வதன் சாரமும் அதுதான்.

விஞ்ஞானிகள் வேலியைத் தாண்டிப் போவதும் உண்டு. 'முன்னோடி செயல்விளக்கம்' என்ற பெயரில் விவசாயியின் சொந்த நிலத்தில் ஒரு ஏக்கரைத் தேர்ந்தெடுத்து, புதிய ரகம், சரியான தேதி, கந்தகம், செடி கலைத்தல் எல்லாவற்றையும் செய்துகாட்டுகிறார்கள். பக்கத்திலேயே அவரது வழக்கப்படி இன்னொரு துண்டு. எண்ணெய் ஆலைகளின் சங்கமும் 2020-21 முதல் மாநிலத்தின் கோட்டா, பூந்தி பகுதிகளில் மாதிரிக் கடுகுப் பண்ணைகளைத் தொடங்கியது. செயல்விளக்கத் துண்டு அநேகமாக ஜெயிக்கிறது. சிக்கல் இரண்டாம் ஆண்டில். விதையும் ஜிப்சமும் இலவசமாக வராத ஆண்டில், மேற்பார்வைக்கு யாரும் வராத ஆண்டில், ஜெயித்த பாடத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. விதை கடையில் கிடைக்கிறது. கலைப்புக் கூலியையும், பனி அடித்தால் வரும் நஷ்டத்தையும் விவசாயிதான் ஏற்க வேண்டும். டிசம்பர் கடைசியில் 'பாலா' என்று இங்கே சொல்லும் உறைபனி ஒரு ராத்திரி இறங்கினால், கூடுதலாகச் செலவழித்தவருக்குத்தான் கூடுதல் நஷ்டம்.

காரம் யாருக்கு வேண்டும்?

மண்டியில் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. கடுகின் விலை 42 சதவிகித எண்ணெய் என்ற அளவுகோலில் பேசப்படுகிறது. சாக்கிலிருந்து கைப்பிடி எடுத்துச் சோதித்து, ஈரமும் எண்ணெயும் பார்த்து விலை நிர்ணயிக்கிறார்கள். கந்தகம் போட்டவருக்கு அந்தச் சதவிகிதத்தில் கொஞ்சம் திரும்பி வரும் இடம் இது. ஆனால் வியாபாரி கண்ணால் பார்த்து ஒரே விலையாக வாங்கிக்கொள்ளும் கிராமத்தில் அந்த லாபம் விவசாயிக்கு வந்து சேர்வதில்லை.

கனோலாவின் குணத்தை இந்தியக் கடுகுக்குள் கொண்டுவரும் முயற்சியும் பலித்திருக்கிறது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'பூசா டபுள் ஜீரோ மஸ்டர்ட் 31' அந்த வகை. சாதாரண இந்தியக் கடுகு எண்ணெயில் நாற்பது சதவிகிதத்துக்கு மேல் இருக்கும் எருசிக் அமிலம் இதில் இரண்டு சதவிகிதத்துக்கும் கீழே. காரமில்லாத பிண்ணாக்கைக் கோழிக்கும் கொடுக்கலாம். ஆனால் வங்காளத்திலும் பீகாரிலும் மூக்கில் ஏறும் அந்தக் காரத்துக்காகவே கடுகு எண்ணெயை வாங்குகிறார்கள். மண்டியில் தனி விலை இல்லாதவரை, இந்த ரகத்தை விதைத்துப் பக்கத்து வயல் மகரந்தம் கலக்காமல் காப்பாற்ற விவசாயிக்கு என்ன அவசரம்?

மரபணு மாற்றப்பட்ட டிஎம்ஹெச்-11 கடுகின் விவகாரம் நீதிமன்றத்தில் நிற்கிறது. டெல்லி பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய இந்த வீரிய ரகத்துக்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு நிபந்தனையோடு அனுமதி தந்தது. 2024 ஜூலை 23-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார்கள். ஒரு விஷயத்தை இரு தரப்பும் மறுக்க முடியாது: எந்த விதையானாலும் அக்டோபரில் ஈரம் காய்வதற்குள் மண்ணுக்குள் போயாக வேண்டும்.

இத்தனை பாடும் எதற்கு? 1986-ல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியபோது நாட்டின் கடுகு உற்பத்தி சுமார் 26 லட்சம் டன். இன்று 130 லட்சம் டன்னைத் தொட்டு நிற்கிறது. இருந்தும் நாடு ஆண்டுக்கு சுமார் 160 லட்சம் டன் சமையல் எண்ணெயை, ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து, வெளியிலிருந்து வாங்குகிறது. 90 லட்சம் ஹெக்டேர் கடுகு வயலும் ஹெக்டேருக்கு 20 குவிண்டாலைத் தொட்டுவிட்டால் கூடுதலாகக் கிடைக்கும் எண்ணெய் 18 லட்சம் டன் அளவுக்கு வரும். இறக்குமதியில் ஒன்பதில் ஒரு பங்கு. வேலியைத் தகர்த்தால் பாமாயில் கப்பல்கள் நின்றுவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றம். ஆனால் ஒன்பதில் ஒரு பங்கு அற்பமும் அல்ல. அது போய்ச் சேரும் இடம் துறைமுகம் அல்ல, ஐந்து பிகா குடும்பங்கள்.

அந்தக் குடும்பங்களின் கணக்கையும் டெல்லி அவ்வப்போது கலைத்துப் போடுகிறது. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய் மீதான அடிப்படைச் சுங்க வரி 20 சதவிகிதமாக உயர்ந்தது. 2025 மே கடைசியில் 10 சதவிகிதமாக இறங்கியது. நகரத்து அடுக்களைக்கு நல்ல செய்தி மண்டிக்கு நல்ல செய்தியாக இருப்பதில்லை. விளைச்சலைக் கூட்டச் சொல்லும் கையே விலையையும் இறக்கும்போது, கூடுதலாக ஒரு மூட்டை ஜிப்சம் வாங்குவதற்கு முன் விவசாயி இரண்டு முறை யோசிக்கிறார்.

மார்ச் தொடக்கத்தில் பரத்பூரின் மஞ்சள் முழுக்கக் காய்ந்து பழுப்பாகிவிடுகிறது. காய் வெடிப்பதற்குள், பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில், அரிவாளோடு வயலில் இறங்குகிறார்கள். சேவர் திடலில் ஒவ்வொரு துண்டின் விளைச்சலும் தனித்தனித் துணிப்பையில் கட்டப்பட்டு, எண் எழுதி, எடை போடப்படுகிறது. வேலிக்கு வெளியே எல்லாம் ஒரே குவியலாகக் களத்துக்குப் போகிறது. எந்த மூலை அதிகம் விளைந்தது, எந்த மூலை ஏமாற்றியது என்ற தகவலும் அந்தக் குவியலோடு கலந்துவிடுகிறது. அங்கே தனியாகக் கட்டப்பட்ட ஒரு சாக்கு கண்ணில் பட்டால், அடுத்த அக்டோபரில் அந்த வயலைப் போய்ப் பார்க்கலாம்.